பெயர் சொல்லாமல் படைத்த உடுப்பு

தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே செய்த உடுப்பு அது. தீபாவளியன்று விடிந்ததும் ஜீவராணி அதைப் பலகையிலிருந்து தூக்கியபோது, கால் பகுதிக்குள் தண்ணீர் களக்கென்றது.

வெளியே பொட்டு ஈரமில்லை. முந்தின நாள் பொழுதுபட அவள் படைத்து வைத்த இடத்திலேயே, சாம்பிராணி வாசம் இன்னும் போகாத அந்தக் காம்பராவில், கறுப்பு றப்பர் உடுப்பு ஓர் ஆள் படுத்திருப்பதைப் போல மல்லாந்து கிடந்தது. புரட்டிப்போட்டு முதுகுத் திறப்பு வழியாகக் கையை விட்டாள். விரல்கள் சுரீரென்று மரத்துப்போயின. மார்கழி மாதத்தில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் அவள்; அந்தக் குளிருக்கெல்லாம் அசைய மாட்டாள். இது வேறு குளிர். ஈர விரலை என்ன நினைத்தாளோ நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு கரித்தது.

றக்வானை மலையில் இருந்துகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறி அரை நாள் போக வேண்டும்.

"கூரை ஒழுகியிருக்கும்," என்றான் அஜந்தன், வாயில் முறுக்கோடு.

"கூரத் தண்ணி உப்பு கரிக்குமாங்க?"

"பழைய சூட்டு புள்ள. எத்தன வருசம் கடல்ல கெடந்துச்சோ. தையல்ல உப்பு ஊறிப் போயிருக்கும்." அவன் அதைத் தலைகீழாகத் தூக்கி, வாசலில் கழிவுநீர் ஓடும் கானில் கவிழ்த்தான். ஒரு வாளித் தண்ணீருக்கு மேலேயே ஓடியது. தையலில் ஊறிய உப்பு ஒரு வாளித் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்தது என்று அவள் கேட்கவில்லை. நல்ல நாள் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அந்த உடுப்பு அவர்களுக்கு வெறும் உடுப்பு அல்ல. அஜந்தன் இக்கடுவைக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறவன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மீன் மாதிரி நீச்சல் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு சீசனும் அவனிடம் வருகிற கொழும்புக் கூட்டம் ஒன்று, இந்த முறை விடுமுறைக்கு நோர்வேக்குப் போய், பனி கொட்டும் காலத்தில் குளிர்கடலில் இறங்குவது என்று முடிவெடுத்தது. "அஜந்தன் இல்லாமல் நாங்கள் இறங்க மாட்டோம்" என்று அவனையும் தங்கள் செலவில் சேர்த்துக்கொண்டது. தைப்பொங்கல் முடிந்ததும் பயணம். அங்கே ஒரு டைவிங் நிலையத்தில் வேலை செய்கிறான் மாவனல்லைக்காரன் இல்ஹாம், முன்பு இக்கடுவையில் இவனோடு இருந்தவன். குளிர்த்தண்ணீரில் அஜந்தன் தாக்குப்பிடிப்பதை முதலாளி கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த வருடம் வேலை நிச்சயம் என்று இல்ஹாம் சொல்லியிருந்தான். குளிர்கடலில் போடுகிற இந்த உடுப்பையும் அவன்தான் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான், பழகிக்கொண்டு வரட்டும் என்று.

அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. போன மழைக்கு வந்த அதிகாரிகள் பார்த்துவிட்டு, மண் சரியும், இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே இருப்பது என்று அவர்களும் சொல்லவில்லை. அடுப்பு எரிகிற குசினிச் சுவரின் வெடிப்பில் இப்போது கை நுழையும். ஜீவராணி பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள்; மழை இறங்கினால் முதலில் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள். இப்போது அவள் வயிற்றிலும் ஒன்று அசையத் தொடங்கியிருந்தது. இந்தச் சுவருக்குக் கீழே என் பிள்ளையைப் போட மாட்டேன் என்று எத்தனை ராத்திரி அழுதிருப்பாள்! அந்தப் பயணம் ஒன்றுதான் வழி.

அதனால் பொழுதுபட்டால் அதே பேச்சுத்தான். மா டின்னில் சாய்த்து வைத்த போனில் இல்ஹாம் வருவான். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் பாசிக்காடு, மறுநாள் மூழ்கிய கப்பல், பிறகு மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஓர் இடம், அங்கே அடி தெரியாது என்று அவன் சொல்லச் சொல்ல அஜந்தன் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் படம் போடுவான். ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்து, றக்வானைச் சந்தையில் எடுத்த கம்பளிச் சட்டைகளை வெட்டி, உடுப்புக்குள் போட உள்ளங்கி தைப்பாள்.

"அங்க தண்ணி எப்பிடிங்க குளிரும்?"

"ஐஸ் கட்டிக்கு உப்பு போட்டாப்ல." அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் மலையும் வெடிப்பும் மறந்துபோகும்.

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து பயிற்சி. தோட்டத்துக்குக் கீழே கல் உடைத்துக் கைவிட்ட குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. விடியலில் அங்கே அவன் இறங்குவான், பக்கத்து லயத்துச் சசி கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உடுப்பை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போவது அஜந்தனின் வழக்கம், ஏனென்றால் அதைத் தனியாளாகப் போட முடியாது. காலை நுழைக்கலாம், கையை நுழைக்கலாம், உடுப்போடு ஒட்டிய தலைமூடியையும் இழுத்துவிடலாம். ஆனால் ஜிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை போகிறது. போட்டவனுக்குக் கை எட்டாது. மூடுவதற்கும் இன்னொருவர் வேண்டும், திறப்பதற்கும் இன்னொருவர் வேண்டும். ஜீவராணி அந்தப் பித்தளைப் பல்லில் மெழுகுதிரி தேய்த்து, ஒரு கையால் தோளைப் பிடித்து, மறு கையால் இழுப்பாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்பான்.

"கடைய மூடிட்டியா?"

"மூடியாச்சு. போயிட்டு வாங்க."

திரும்பி வந்ததும் மறுபடியும் முதுகைக் காட்டுவான். "ராணி, கடைய தொற." திறந்தால் கம்பளி கணகணவென்று இருக்கும். குவாரித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது.

அதுதான் அவளை வாட்டியது. தண்ணீருக்குள் போய் வந்தால் உடுப்பு உள்ளே காய்ந்திருக்கிறது. வீட்டு ஆணியில் தொங்கினால் நனைகிறது. ஒவ்வொரு நாள் விடியலிலும் அவள்தான் முதலில் எழுந்து கானில் கவிழ்த்தாள், அவன் பார்ப்பதற்கு முன்னால். முதலில் கணுக்கால் அளவு இருந்தது, பிறகு முழங்காலுக்கு ஏறியது. அந்தக் காம்பராவில் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் வருகிற வெற்று மணம் நின்றது. மண்ணெண்ணெயும் மஞ்சளும் புகையும் பழகிய மூக்குக்கு அது பிடிபடவே இல்லை. அடுப்பு எரிகிற வீட்டில் அந்த ஒரு மூலை மட்டும் எப்படி இப்படிக் குளிர்கிறது?

ஏன் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முதல்நாள் பெரியவர்களுக்குப் படைக்காமல் தோட்டத்தில் யாரும் புது உடுப்பு போட மாட்டார்கள். அஜந்தனின் அப்பா இராமசாமியும் அம்மா சுப்பம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு அந்த வேலை ஜீவராணிக்கு வந்தது. கோழிக்கறி, வடை, சுருட்டு, மாமாவுக்கு ஒரு மடக்குச் சாராயம். பக்கத்தில் புது உடுப்புகளை, மூலையில் மஞ்சள் தடவி, பெயர் சொல்லி வைக்க வேண்டும்: இந்த வேட்டி உங்களுக்கு மாமா, இந்தச் சேலை உங்களுக்கு மாமி, வந்து உடுத்திக்கிட்டு போங்க. பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் கழித்து, மூன்று தட்டு தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். சாப்பிடுகிறவர்களைத் திடுக்கிட வைக்கக் கூடாதல்லவா.

வீட்டுக்கு வந்த புது உடுப்பு என்று அவள் இதையும் வைத்தாள். கழுத்து றப்பரில் மஞ்சளும் தடவினாள். யார் பெயர் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. மாமா போடுகிற உடுப்பா இது? நேரம் போகிறதே என்ற அவசரத்தில், "இது யாருக்கோ, அவங்க வந்து உடுத்திக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை.

ஒரு நாள் மாலை அஜந்தன் பீலிக்குப் போன நேரத்தில் இல்ஹாமின் அழைப்பு வந்தது. அவள் சுற்றிவளைக்கவில்லை.

"அண்ணே, இந்த உடுப்பு யாரோடதுங்க?"

"கஸ்டமர் ஒராள்ட, தங்கச்சி. இங்க வெச்சிட்டு, அண்டைக்கு வேற ஒண்ட வாடகைக்கு எடுத்து எறங்கினாராம். பொறகு எடுக்க வரல்ல."

"ஏன் வரல?"

இல்ஹாம் போனைக் கை மாற்றிப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் பகலிலேயே இருட்டியிருந்தது.

"அவரு பேரு என்னாங்க அண்ணே? பேர மட்டும் சொல்லுங்க."

"எனக்கு தெரியா. நான் வர முந்தி நடந்தது. நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம்," என்றான் அவன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழைப்பைத் துண்டித்தான்.

அன்று அவள் அஜந்தனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான். அவள் விடாமல் அழவே அவனுக்குக் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னால் இருந்த பயமும் வெளியே வந்தது.

"இத தூக்கி எறிஞ்சா வேற சூட்டு எங்க இருக்கு? பழகாம போனா அங்க என்னய தண்ணில எறக்குவானுங்களா? இந்தா, இந்த செவுத்த பாத்துக்கிட்டு சொல்லு." அவளுடைய கையைப் பிடித்து இழுத்து வெடிப்புக்குள் வைத்தான். உள்ளே ஈர மண் குளிர்ந்தது. "இப்ப சொல்லு, எறிஞ்சிரவா?"

அவள் கையை உருவிக்கொண்டாள். அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

வெள்ளிக்கிழமை அவன் விசா வேலையாகக் கொழும்புக்குப் போனான். கூப்பிட்டவள்தானே அனுப்பவும் வேண்டும் என்று, உச்சிப் பொழுதில் அவள் தனியாக இன்னொரு படையல் போட்டாள். வெள்ளைக்கார மனுசனுக்கு என்ன படைப்பது? பேக்கரிப் பாணும் டின் மீனும் வைத்தாள். உடுப்பைப் பலகையில் கிடத்தினாள். "பேரு தெரியாதுங்க. தெரியாம கூப்புட்டுட்டேன். சாப்புட்டு, உடுத்திக்கிட்டு, போயிருங்க சாமி." கதவைச் சாத்தினாள்.

வெளியே பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களின் பேச்சு எங்கோ கேட்டு, தேய்ந்து, நின்றது. தகரத்தில் ஒரு கிளை உரசியது. அப்புறம் கதவுக்கு உள்ளே, ஈர றப்பரை றப்பரில் தேய்த்தால் வருகிற கிறீச் ஒலி. நின்று, மறுபடியும் கிறீச். யாரோ கஷ்டப்பட்டு, பொறுமையாக, ஒவ்வொரு காலாக நுழைக்கிறார்கள்.

உடுத்தட்டும். உடுத்திக்கொண்டு போகட்டும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் அடங்கியது. கதவில் மூன்று தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது.

கை தானாகக் கதவைத் தள்ளியது. உடுப்பு பலகையில் இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. முதுகு அவள் பக்கம். ஜிப் திறந்தே இருந்தது, அந்தத் திறப்புவரை தண்ணீர் நிறைந்து நின்றது. கறுப்புத் தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பாணும் மீனும் வைத்தபடியே இருந்தன.

தோள்கள் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தன. அஜந்தன் சாய்வதைப் போலவே.

கதவை அறைந்து சாத்திவிட்டு வாசல் படியில் வந்து விழுந்தாள். பொழுதுபட அஜந்தன் வரும்வரை அங்கேயே இருந்தாள். அவன் காம்பராவுக்குள் போனபோது உடுப்பு ஆணியில் தொங்கியது, வழக்கம்போல. அவளை அள்ளி அணைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாம் ராணி, விசா வந்துருமாம்!" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். இத்தனை வருடத்தில் அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

ஆனால் ஒன்று அவளுக்கு விளங்கிவிட்டது. அது போக மாட்டேன் என்று நிற்கவில்லை. உடுத்திக்கொண்டு போகச் சொன்னாள், உடுத்திவிட்டது. முதுகை மூட ஆளில்லாமல்தான் நிற்கிறது.

மறுநாள் விடியலில் மஞ்சு வாசலுக்குள்ளேயே வந்திருந்தது. அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது, காம்பராவில் அஜந்தன் உடுத்தி முடித்து, தலைமூடியும் போட்டு, முதுகைக் காட்டி நின்றான். இன்றைக்கு உடுப்பைக் கவிழ்க்க மறந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே போய், தோளைப் பிடித்து, ஜிப்பை இழுத்தாள். பாதிவரை வந்தது.

தோள் குளிர்ந்தது.

பீலிப் பக்கமிருந்து அஜந்தன் காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் ஓடி வருவான். வரக் கூடாது. மூடு. மூடிவிட்டால் போய்விடும். இன்றோடு போய்விடும். மரத்துப்போன விரலால் இழுத்தாள். பித்தளைப் பல் ஒவ்வொன்றாகக் கடித்தது. கடைசிவரை. மூடியாச்சு.

அது நிமிர்ந்தது. வாசலைப் பார்த்து நடந்தது. உள்ளே தண்ணீர் களக், களக் என்றது.

"போயிட்டு வாங்க," என்றது அவள் வாய்.

கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற வாய். வெளியே இறங்குகிறவரிடம் 'போங்க' என்று சொல்லிப் பழகாத வாய். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. கறுப்பு உருவம் மஞ்சுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது.

அஜந்தன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். ஆணியைப் பார்த்தான். படியில் கிடந்த ஈரத் தடங்களைப் பார்த்தான்.

"எவன் மாட்டிக்கிட்டு போனான்? சசியா? வெளையாட்டு மயிரு! ஒத்தயா எறங்குனா செத்துருவான் புள்ள!"

அவள் எட்டி மறித்தாள். கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினான். போயிட்டு வாங்க என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவள் சொல்லவே இல்லை.

பின்னாலேயே ஓடினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகள் சேலையைக் கிழிக்க, சறுக்கி, எழுந்து. பாதி வழியில் சசி எதிரே வந்தான். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி. "என்னா அக்கா?" நிற்கவில்லை அவள்.

குவாரிக் கரையில் அஜந்தன் தலை துவட்டிய துவாய் கிடந்தது. ஒரு செருப்பும்.

"என்னாங்க!"

கல்லில் பட்டுக் குரல் திரும்பியது. தண்ணீர் அசையவில்லை. குமிழி இல்லை. அலை இல்லை. உப்பு மணம்.

"என்னாங்க! வந்துருங்க!"

நடுவில் தண்ணீர் மெல்ல உயர்ந்தது. தலைமூடி வந்தது. தோள் வந்தது. கரையை நோக்கி நடந்து ஏறி வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர். அவள் முன்னால் வந்து நின்றது. திரும்பியது. முதுகைக் காட்டியது.

அவள் மூடிய ஜிப் மூடியபடியே இருந்தது.

உள்ளே தட்டுச் சத்தம். மூன்று.

"ராணி," என்றது அஜந்தனின் குரல். முதுகுக்குள்ளிருந்து. மூச்சு முட்டி. "கடைய தொற."

அவள் பாய்ந்து தோளைப் பிடித்தாள். திறக்காவிட்டால் அவன் போய்விடுவான். திறந்தால் வெளியே வருவது அவன் மட்டும்தானா?

"ராணி. தொற புள்ள."

அதன் இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்சமும் அசையாமல். உள்ளேயிருந்து தட்டுகிற கை அவள் உள்ளங்கையில் பட்டது, சூடாக.

தோள்கள் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தன.